இயற்கை எரிவளி அகழ்வும் ஓடை நுண்ணுயிர்ச் சமூகங்களும்

இயற்கை எரிவளி (இயற்கை எரிவாயு) அகழ்வின்போது வெளிவரும் உப்புநீர், வேதிப்பொருட்கள், மெத்தேன், அரித்துவரும் மண் ஆகியவை அருகிலுள்ள ஓடைகளை அடையும்போது, அங்கு வாழும் பாக்டீரியா, ஆர்க்கியா, பாசி, பூஞ்சை முதலிய நுண்ணுயிர்களின் வகையும் எண்ணிக்கையும் செயற்பாடும் மாறக்கூடும். இம்மாற்றங்களைக் கண்டறிந்து விளக்குவது நுண்ணுயிரியலும் நீர்ச்சூழலியலும் இணைந்த ஓர் ஆய்வுத்துறை ஆகும். இத்துறையின் முதன்மையான கள ஆய்வுகள் 2010களில் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களில் நடைபெற்றன. தமிழ்நாட்டில் மன்னார்குடி மெத்தேன் திட்டம், நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்டம் ஆகியவற்றைத் தொடர்ந்து எரிவளி அகழ்வு நீர்நிலைகளை என்ன செய்யும் என்ற வினா பொதுவிவாதத்துக்கு வந்தது.

ஓடை நுண்ணுயிர்ச் சமூகம்

ஓர் ஓடையில் நுண்ணுயிர்கள் மூன்று இடங்களில் பெருமளவில் காணப்படுகின்றன. அவை ஓடும் நீர், அடியிலுள்ள வண்டல், கல், இலை முதலியவற்றின் மேல் வழவழப்பாகப் படியும் உயிர்ப்படலம் ஆகியனவாகும். ஓடைக் கல்லைத் தொட்டால் கையில் வழுக்குவது இவ்வுயிர்ப்படலமே. பாக்டீரியாக்களும் பாசிகளும் தாம் சுரக்கும் பசைப்பொருளில் ஒன்றாகப் பொதிந்து வாழும் அமைப்பு இது.

இச்சமூகங்கள் ஓடையின் அடிப்படைப் பணிகளைச் செய்கின்றன. விழுந்த இலைகளைப் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சிதைக்கின்றன. அமோனியாவை நைட்ரேட்டாகவும், நைட்ரேட்டை நைதரசன் வளியாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள மிகுதியான நைதரசனைக் குறைக்கின்றன. டயாட்டம் போன்ற பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உணவைத் தயாரிக்கின்றன. பூச்சிகளின் இளவுயிரிகளும் நத்தைகளும் உயிர்ப்படலத்தை மேய்கின்றன. அவற்றை மீன்கள் உண்கின்றன. எனவே நுண்ணுயிர்ச் சமூகத்தில் ஏற்படும் மாற்றம் உணவுச்சங்கிலி முழுவதையும் பாதிக்கக்கூடியது.

நுண்ணுயிர்கள் குறுகிய காலத்தில் பெருகுவதால் சூழல் மாற்றத்துக்கு மீன்களையும் பூச்சிகளையும்விட விரைவாக எதிர்வினை காட்டுகின்றன. இக்காரணத்தால் அவை நீர் மாசுக்கான முன்னறிவிப்புக் குறிகாட்டிகளாகப் பயன்படக்கூடும் என்று கருதப்படுகிறது.

எரிவளி அகழ்வு முறைகள்

இயற்கை எரிவளியின் பெரும்பகுதி மெத்தேன் ஆகும். அது அடங்கியுள்ள பாறையைப் பொறுத்து அகழ்வு முறை வேறுபடுகிறது. ஓடைக்கு நேரும் இடரும் அதற்கேற்ப வேறுபடுகிறது.

• மரபுவழி அகழ்வு: மணற்கல் போன்ற நுண்துளைகள் மிக்க பாறையில் தேங்கியுள்ள எரிவளி, துளையிட்டதும் தன் அழுத்தத்தாலேயே மேலெழுகிறது. உடன் நிலத்தடி உப்புநீரும் வெளிவரும். காவிரிப் படுகையில் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் (ஓ.என்.ஜி.சி) செய்துவரும் அகழ்வு பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது.

• நிலக்கரிப் படுகை மெத்தேன்: நிலக்கரி அடுக்குகளின் பரப்பில் ஒட்டியுள்ள மெத்தேன், அவ்வடுக்கிலுள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் மட்டுமே விடுபடும். ஆகவே இம்முறையில் எரிவளிக்கு முன்பே பெருமளவு நிலத்தடி நீர் வெளியேற்றப்படுகிறது. மேற்கு வங்காளத்தின் இராணிகஞ்சுப் பகுதியில் இம்முறை நடைமுறையில் உள்ளது.

• நீரியல் விரிசல் முறை: ஷேல் எனப்படும் இறுகிய களிப்பாறையில் அடைபட்ட எரிவளியை எடுக்க, நீர், மணல், வேதிப்பொருட்கள் கலந்த பாய்மத்தை உயரழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல்கள் உண்டாக்கப்படுகின்றன. பென்சில்வேனியாவின் மார்செல்லசு ஷேல் பாறையில் 2000களின் பிற்பகுதியில் இம்முறை பரவலாயிற்று.

விரிசல் பாய்மத்தைக் கெட்டியாக்கக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் குவார் பிசின் சேர்க்கப்படுவதுண்டு. உலகின் குவார் உற்பத்தியில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக இராசத்தானில் நடைபெறுகிறது. இப்பிசின் பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவு. பெருகிய பாக்டீரியாக்கள் கிணற்றை அடைப்பதையும், ஐதரசன் சல்பைடை உண்டாக்கிக் குழாய்களை அரிப்பதையும் தடுக்க, குளுட்டரால்டிகைடு போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பாய்மத்தில் கலக்கப்படுகின்றன. கிணற்றில் நுண்ணுயிரைக் கொல்லச் சேர்க்கப்படும் இப்பொருள் ஓடையில் கலந்தால் அங்குள்ள நுண்ணுயிர்களையும் தாக்கும்.

ஓடையை அடையும் வழிகள்

1. கழிவுநீர்: கிணற்றிலிருந்து எரிவளியுடன் வெளிவரும் நீர் 'உற்பத்தி நீர்' எனப்படும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. மார்செல்லசுக் கிணறுகளின் உற்பத்தி நீரில் இது 200 கிராமைத் தாண்டுவதுண்டு. சோடியம், குளோரைடு தவிர புரோமைடு, பேரியம், இசுட்ரான்சியம், ரேடியம் ஆகியனவும் இருக்கக்கூடும்.
2. சிந்துதலும் குழாய் உடைப்பும்: 2015 சனவரியில் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குழாயிலிருந்து ஏறத்தாழ 1.14 கோடி லிட்டர் கழிவுநீர் கசிந்து பிளாக்டெயில் ஓடையை அடைந்தது.
3. மண் அரிப்பு: கிணற்றுத் தளம், சாலை, குழாய்ப் பாதை ஆகியவற்றுக்காக நிலம் திருத்தப்படும்போது மழைநீருடன் வண்டல் ஓடைக்கு வருகிறது. அது உயிர்ப்படலத்தை மூடி ஒளியைத் தடுக்கிறது.
4. மெத்தேன் கசிவு: சிமெந்துப் பூச்சு சரியில்லாத கிணறுகளின் வழியே மெத்தேன் நிலத்தடி நீருக்கும், ஊற்றுகள் மூலம் ஓடைக்கும் வரலாம்.
5. நீர் எடுத்தல்: ஓடையிலிருந்து நீரை எடுப்பதால் ஓட்டம் குறைந்து, எஞ்சிய நீரில் கரைபொருட்களின் செறிவு உயர்கிறது.

நுண்ணுயிர்களில் ஏற்படும் மாற்றங்கள்

உப்புத்தன்மை

நன்னீர் நுண்ணுயிர்களின் உயிரணுவிலிருந்து, வெளியே உப்பு மிகும்போது நீர் வெளியேறுகிறது. இதைத் தாங்கமுடியாத இனங்கள் குறைந்து, உப்பைத் தாங்கும் சில இனங்கள் மேலோங்குகின்றன. இனங்களின் எண்ணிக்கை குறைவதோடு, எஞ்சியவற்றிடையே சமநிலையும் குலைகிறது. கிணற்றின் உட்பகுதியிலேயே உப்பை விரும்பும் ஆலனேரோபியம் போன்ற பாக்டீரியாக்கள் பெருகுவது அறியப்பட்டுள்ளது. 2016ல் ஷேல் கிணறுகளில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியப் பேரினத்துக்கு, விரிசல் முறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டே 'பிராக்கிபாக்டர்' என்று ஆய்வாளர் பெயரிட்டனர்.

அமிலத்தன்மை

நீரின் காரகாடித்தன்மைச் சுட்டெண் (பிஎச்) பாக்டீரியச் சமூகத்தின் அமைப்பை உறுதிசெய்யும் வலிமையான காரணிகளுள் ஒன்று. அது குறையும்போது அமிலத்தை விரும்பும் அசிட்டோபாக்டீரேசியே, அசிடோபாக்டீரியேசியே போன்ற குடும்பங்கள் மிகுகின்றன.

மெத்தேன்

மெத்தேனையே கரிம, ஆற்றல் மூலமாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் மெத்தேன் உண்ணிகள் எனப்படும். மெத்திலோசிசுட்டேசியே குடும்பம் இதற்கு எடுத்துக்காட்டு. ஓடையில் மெத்தேன் கலக்கும்போது இவை பெருகலாம். ஆயினும் சதுப்பு, நெல்வயல், குளத்துச் சேறு ஆகிய இடங்களில் இயற்கையாகவே மெத்தேன் உண்டாவதால், மெத்தேன் உண்ணிகள் மிகுந்திருப்பதை மட்டும் கொண்டு எரிவளிக் கசிவு நிகழ்ந்தது என்று முடிவுகட்ட இயலாது.

நுண்ணுயிர்க்கொல்லி

குளுட்டரால்டிகைடு உயிரணுப் புரதங்களைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. 2014ல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், உற்பத்தி நீரில் வளர்க்கப்பட்ட சூடோமோனாசு பாக்டீரியா நுண்ணுயிர்க்கொல்லியை முன்னிலும் அதிகமாகத் தாங்கியது கண்டறியப்பட்டது. கொல்லும் பொருளே தாங்குதிறனுள்ள உயிர்களைத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும் என்பதால் இம்முடிவு கவனிக்கத்தக்கது.

கள ஆய்வுகள்

பென்சில்வேனியா

வடமேற்குப் பென்சில்வேனியாவின் 26 தலையோடைகளில் எடுக்கப்பட்ட 58 மாதிரிகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2014ல் வெளியானது. நீர், வண்டல், பாசம், உயிர்ப்படலம் ஆகியவற்றிலிருந்து ஏறத்தாழ 32 இலட்சம் மரபணு வரிசைகள் பெறப்பட்டன. எரிவளி அகழ்வு நடைபெற்ற நீர்ப்பிடிப்புகளில் இனவளமும் இனங்களுக்கிடையிலான சமநிலையும் குறைந்திருந்தன. அமிலத்தை விரும்பும் இனங்களும், மெத்தேன் உண்ணிகள் எனக் கருதத்தக்க இனங்களும் மிகுந்திருந்தன. அவற்றுள் சில, நீர்ப்பிடிப்பிலிருந்த கிணற்றுத் தளங்களின் எண்ணிக்கைக்கேற்ப உயர்ந்திருந்தன.

இதன் தொடர்ச்சியாக 2012 முதல் 2016 வரை 31 தலையோடைகளில் 189 மாதிரிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஐந்தாண்டு ஆய்வு 2018ல் வெளியானது. நீரின் காரகாடித்தன்மையே பாக்டீரியச் சமூக வேறுபாட்டின் முதன்மைக் காரணி என்றும், எரிவளி அகழ்வும் அதில் பங்கு வகிக்கிறது என்றும் அது காட்டியது.

மேற்கு வர்ஜீனியா

பயெட் கவுண்டியில் எரிவளிக் கழிவுநீரை ஆழ்கிணற்றில் செலுத்தும் ஒரு நிலையத்தின் அருகே உள்ள ஓடையை ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவீட்டுத் துறையினர் ஆராய்ந்து 2016ல் முடிவுகளை வெளியிட்டனர். நிலையத்துக்கு மேலே ஓடைநீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 74 மைக்ரோசீமென்சு ஆகவும், கீழே 416 ஆகவும் இருந்தது. சோடியம், குளோரைடு, பேரியம், இசுட்ரான்சியம், இலித்தியம் ஆகியனவும் கீழ்ப்பகுதியில் உயர்ந்திருந்தன. அங்குள்ள வண்டலில் நுண்ணுயிர்ப் பல்வகைமை குறைந்திருந்தது. 2017ல் வெளியான தொடர் ஆய்வில், கீழ்ப்பகுதி நுண்ணுயிர்களில் உறக்கநிலை, வித்துருவாக்கம், மெத்தேன் உருவாக்கம் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் மிகுந்திருந்தன. கடினமான சூழலில் செயலற்றுத் தங்கும் இயல்புடைய உயிர்கள் அங்கு நிலைபெறுகின்றன என்பதற்கு இது அறிகுறியாகும்.

மாறுபட்ட முடிவு

பென்சில்வேனியாவின் 25 தலையோடைகளில் வேதியியல், நுண்ணுயிர், முதுகெலும்பற்ற உயிர் ஆகிய பல அளவீடுகளை ஒருங்கே மேற்கொண்ட ஆய்வு 2020ல் வெளியானது. ஷேல் எரிவளி அகழ்வின் செறிவுக்கும் ஓடையின் உயிரியல் நிலைக்கும் இடையே தெளிவான தொடர்பை அது காணவில்லை. நிலவியல், நிலப்பயன்பாடு முதலிய இயற்கை, மனித வேறுபாடுகளே மேலோங்கியிருந்தன.

இவ்விரு வகை முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கழிவுநீர் கசியும் ஓர் இடத்துக்கு மேலும் கீழும் ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு பரந்த பகுதியின் ஓடைகளை ஒட்டுமொத்தமாக ஒப்பிட்டால், கசிவு நிகழாத இடங்களும் சேர்ந்துகொள்வதால் மாற்றம் மங்கிவிடுகிறது. கிணறு இருப்பது மட்டும் ஓடையை மாற்றுவதில்லை. கழிவுநீர் எவ்வாறு கையாளப்படுகிறது என்பது பெரும்பாலும் விளைவை முடிவுசெய்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம்

நிலவியல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் இரு வேறுபட்ட நிலவியற் பகுதிகள் உள்ளன. மேற்குப் பகுதி தொன்மையான படிகப் பாறைகளால் ஆனது. குளத்தூர் வட்டத்திலுள்ள நார்த்தாமலைக் குன்றுகள் இப்பகுதியைச் சேர்ந்தவை. விசயாலய சோழீசுவரம் கோயில் அமைந்துள்ள மேலமலை உள்ளிட்ட இக்குன்றுகள் மொட்டைப் பாறைகளாக எழுந்து நிற்கின்றன. மழைநீர் பாறைப் பள்ளங்களில் தேங்கிச் சுனைகளாகிறது. தலையருவிச் சிங்கம் என்னும் சுனை இவற்றுள் புகழ்பெற்றது. கரிமப்பொருள் புதைந்து எரிவளியாக மாறுவதற்கு வேண்டிய படிவுப்பாறை இங்கு இல்லை. ஆகவே நார்த்தாமலைப் பகுதியில் எரிவளி அகழ்வுக்கு இடமில்லை. அங்கு அகழப்படுவது கருங்கல்லே.

மாவட்டத்தின் கிழக்குப் பகுதி காவிரிப் படுகையின் படிவுப்பாறைகளைக் கொண்டது. ஆலங்குடி வட்டத்து நெடுவாசல், வடகாடு முதலிய ஊர்கள் இப்பகுதியில் உள்ளன. குளத்தூர்ப் பகுதியில் தொடங்கும் அக்கினியாறு, கடினப்பாறைப் பகுதியைக் கடந்து படிவுப்பாறைப் பகுதி வழியாகப் பாக்கு நீரிணையை அடைகிறது. இவ்வாறு ஒரே ஆற்றின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு பாறைகளின் மேல் அமைகின்றன.

திட்டங்களும் எதிர்ப்பும்

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மெத்தேன் எடுக்கும் உரிமை 2010ல் கிரேட் ஈசுட்டர்ன் எனர்சி நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுவதே உழவர்களின் எதிர்ப்புக்கு முதன்மைக் காரணமாயிற்று. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இத்திட்டத்துக்கு எதிராகப் பரப்புரை செய்துவந்த காலத்தில், 2013 திசம்பர் 30 அன்று காலமானார். தமிழ்நாடு அரசு 2013ல் திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவை அமைத்தது. 2015ல் அனுமதி மறுத்தது.

2017 பிப்ரவரி 15 அன்று இந்திய நடுவண் அமைச்சரவை, கண்டறியப்பட்ட சிறு வயல்கள் திட்டத்தின்கீழ் நெடுவாசல் உள்ளிட்ட 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. மறுநாளே நெடுவாசலில் மக்கள் போராட்டம் தொடங்கியது. மார்ச்சு 9 அன்று அது இடைநிறுத்தப்பட்டது. மார்ச்சு 27 அன்று செம் லேபரட்டரீசு நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானதையடுத்து ஏப்ரல் 12 அன்று மீண்டும் தொடங்கி, அக்டோபர் வரை 174 நாட்கள் நீடித்தது. மாநில அரசு சுரங்கக் குத்தகையை மாற்றித் தராததால் பணி தொடங்கப்படவில்லை. அதே ஆண்டு சூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது, குழாய்ப் பாதைகள் பற்றிய அச்சத்தை மிகுவித்தது.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. புதிய எண்ணெய், எரிவளி அகழ்வை இது தடை செய்கிறது. முன்பே நடைபெற்றுவந்த பணிகளுக்கு இது பொருந்தாது. நெடுவாசல் அடங்கிய திருவரங்குளம் ஒன்றியமும், அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, கறம்பக்குடி ஒன்றியங்களும் இம்மண்டலத்தில் உள்ளன. மாவட்டத்தின் மேற்கிலுள்ள நார்த்தாமலைப் பகுதி இதில் சேராது. 2021 சூனில் கறம்பக்குடிப் பகுதியின் வடதெரு வயல் நடுவண் அரசின் ஏல அறிவிப்பில் இடம்பெற்றபோது, அதை நீக்கக் கோரி முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தலைமையமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

நீர்நிலைகளின் இயல்பு

பென்சில்வேனியாவின் ஓடைகள் பெரும்பாலும் ஆண்டு முழுதும் ஓடுபவை. புதுக்கோட்டையின் அக்கினியாறு, அம்புலியாறு, தெற்கு வெள்ளாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டும் ஓடுகின்றன. எஞ்சிய காலத்தில் நீர் கண்மாய், குளம், ஊருணி ஆகியவற்றில் தேங்குகிறது. இவ்வேறுபாடு மூன்று வகைகளில் முக்கியமானது.

• ஓட்டம் இல்லாதபோது கழிவு நீர்த்துப்போவதில்லை. கோடையில் நீர் ஆவியாக, உப்பின் செறிவு மேலும் உயர்கிறது.
• கண்மாய்கள் சங்கிலித்தொடராக இணைந்திருப்பதால், மேல்கண்மாயில் சேர்ந்த உப்பு அடுத்த மழையில் கீழ்க்கண்மாய்க்குச் செல்கிறது.
• வறண்டும் நனைந்தும் மாறிவரும் இந்நீர்நிலைகளின் நுண்ணுயிர்கள் இயல்பாகவே உறக்கநிலைக்குச் செல்லும் திறனுடையவையாக இருக்கும். எனவே மேற்கு வர்ஜீனியாவில் மாசின் அறிகுறியாகக் கொள்ளப்பட்ட உறக்கநிலை மரபணுக்களை இங்கு அவ்வாறே பொருள்கொள்ள முடியாது.

இந்தியாவில் எண்ணெய், எரிவளி அகழ்வுக் கழிவுநீருக்கு நடுவண் அரசு வகுத்துள்ள வரம்புகளின்படி, நிலத்தில் வெளியேற்றப்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும், மொத்தக் கரைந்த திண்மங்கள் 2,100 மில்லிகிராமுக்கும் மிகக்கூடாது. ஓடும் ஆற்றைவிடத் தேங்கும் கண்மாயில் இவ்வளவு உப்பும் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே செல்லக்கூடும்.

ஆய்வு முறைகளும் அடிப்படைத் தரவும்

நுண்ணுயிர்களுள் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வளர்வதில்லை. ஆகவே நீர், வண்டல் மாதிரிகளிலிருந்து டி.என்.ஏ பிரிக்கப்பட்டு, பாக்டீரியாக்கள் அனைத்திலும் காணப்படும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ என்னும் மரபணு வரிசைப்படுத்தப்படுகிறது. இதன்மூலம் எந்த இனங்கள் எவ்வளவு விழுக்காடு உள்ளன என்பது தெரியவரும். மாதிரியிலுள்ள மரபணுக்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தினால் அவை என்ன பணிகளைச் செய்யவல்லவை என்பதையும் அறியலாம். இத்துடன் மின்கடத்துதிறன், காரகாடித்தன்மை, புரோமைடு, இசுட்ரான்சியம் போன்ற வேதி அடையாளங்களும் அளக்கப்பட்டால்தான் மாற்றத்தின் மூலத்தைக் கூற முடியும். ஏனெனில் சாக்கடை நீர், உர வடிநீர், கடல்நீர் ஊடுருவல் ஆகியவையும் உப்பை உயர்த்தக்கூடியவை.

ஒப்பிடுவதற்கு மாசற்ற ஓர் இடம் வேண்டும். நார்த்தாமலைப் பகுதியின் சுனைகளிலும் ஓடைகளிலும் எரிவளி அகழ்வின் தாக்கம் இல்லை என்பதால், அவற்றை நெடுவாசல் பகுதியுடன் ஒப்பிடலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் கருங்கல்மேல் ஓடும் நீரும் படிவுப்பாறைமேல் ஓடும் நீரும் இயல்பிலேயே வேறுபட்ட கனிமங்களையும், அதனால் வேறுபட்ட நுண்ணுயிர்களையும் கொண்டிருக்கும். இவ்வொப்பீட்டில் தெரியும் வேறுபாடு பாறையினால் வந்ததா, அகழ்வினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. பென்சில்வேனிய ஆய்வுகளில் எழுந்த சிக்கலும் இத்தகையதே.

எனவே ஓர் ஓடைக்குச் சிறந்த ஒப்பீடு, அகழ்வுக்கு முந்தைய அதே ஓடையே ஆகும். துளையிடுவதற்கு முன்பே, கோடை, மழை ஆகிய இரு பருவங்களிலும், பல ஆண்டுகளுக்குத் திரட்டப்படும் அளவீடுகள் அடிப்படைத் தரவு எனப்படும். அகழ்வு தொடங்கிய பின் இதைத் திரட்ட முடியாது. அடிப்படைத் தரவு இல்லாத இடத்தில், பாதிப்பு நேர்ந்ததாக ஊரார் கூறுவதையும், நேரவில்லை என நிறுவனம் கூறுவதையும் சரிபார்க்க வழியில்லாமற் போகிறது. நெடுவாசல் பகுதியில் வணிக அகழ்வு தொடங்கப்படாததால், அங்குள்ள கண்மாய்களிலும் ஆறுகளிலும் இத்தரவைத் திரட்டும் வாய்ப்பு இன்னும் உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

• இயற்கை எரிவளி
• நீரியல் விரிசல் முறை
• காவிரிப் படுகை
• நெடுவாசல் போராட்டம்
• நார்த்தாமலை
• அக்கினியாறு
• மெத்தேன் உண்ணிகள்
• உயிர்ப்படலம்